தமிழ் வினைச்சொற்களை அசை பிரித்தல்

தமிழ் வினைச்சொற்களை அசை பிரித்தல் என்பது ஒரு வினைச்சொல்லை அது ஒலிக்கும் அளவின்படி நேரசை, நிரையசை என்னும் சிறு கூறுகளாகப் பகுத்துக் காண்பதாகும். இது யாப்பிலக்கணத்தில் அலகிடுதல் எனப்படும். சொல்லின் பொருளுறுப்புகளைப் பிரித்துக் காட்டும் பகுபத உறுப்பிலக்கணம் வேறு, அலகிடுதல் வேறு. ஒரே வினைச்சொல் இவ்விரு முறைகளிலும் வெவ்வேறு இடங்களில் வெட்டப்படுகிறது. "திறந்தான்" என்னும் சொல் உறுப்பிலக்கணத்தில் திற + த் + த் + ஆன் எனவும், அலகிடும்போது திறந் / தான் எனவும் பிரியும். தேர்வுகளில் இரண்டும் கேட்கப்படுவதால் மாணவர் பலர் ஒன்றை மற்றொன்றாக எழுதிவிடுவதுண்டு.

இத்தாலியம் போன்ற மொழிகளில் வினைச்சொல்லை அசையாகப் பிரித்த பின்னர், எந்த அசையில் அழுத்தம் விழுகிறது என்பதையும் அறிய வேண்டும். அழுத்தம் இடம் மாறினால் அங்கே பொருள் மாறும். தமிழில் அத்தகைய அழுத்தம் இல்லை. அதன் பணியை எழுத்துகளின் குறில் நெடில் அளவும், ஒற்று இரட்டிப்பதும், விகுதிகளும் செய்கின்றன. இக்கட்டுரையில் சேலம் மாவட்டம் மேட்டூர்ப் பகுதியின் ஊர்ப் பெயர்களும், அணையோடு தொடர்புடைய வினைச்சொற்களும் எடுத்துக்காட்டுகளாகக் கொள்ளப்பட்டுள்ளன.

ஒலியசையும் யாப்பசையும்

ஓர் உயிரொலியை மையமாகக் கொண்டு ஒரே முயற்சியில் ஒலிக்கும் கூறு ஒலியசை ஆகும். உலக மொழிகள் அனைத்திலும் இது உண்டு. "ஓடுகிறான்" என்னும் சொல்லில் ஓ–டு–கி–றான் என நான்கு ஒலியசைகள் உள்ளன.

யாப்பிலக்கணம் கூறும் அசை இதிலிருந்து சற்று வேறுபட்டது. அடுத்தடுத்து வரும் இரண்டு ஒலியசைகளில் முதலாவது ஒற்றில்லாத குறிலாக இருந்தால், யாப்பிலக்கணம் அவ்விரண்டையும் சேர்த்து ஒரே அசையாகக் கொள்கிறது. எனவே "ஓடுகிறான்" யாப்பில் ஓ / டுகி / றான் என மூன்று அசைகளாகிறது. ஒலியசைகளின் எண்ணிக்கையும் யாப்பசைகளின் எண்ணிக்கையும் எப்போதும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை.

தொல்காப்பியத்தின் செய்யுளியல் நேர், நிரை, நேர்பு, நிரைபு என நான்கு அசைகளைக் கூறுகிறது. பிற்காலத்தில் அமிதசாகரர் இயற்றிய யாப்பருங்கலக்காரிகை நேர், நிரை என்னும் இரண்டையே அசைகளாகக் கொண்டது. நேர்பு, நிரைபு ஆகியவை வெண்பாவின் ஈற்றுச் சீரில் காசு, பிறப்பு என்னும் வாய்பாடுகளாக மட்டும் நிலைத்தன. இன்று பள்ளிகளில் கற்பிக்கப்படுவது காரிகையின் முறையே ஆகும்.

நேரசையும் நிரையசையும்

நேரசை நான்கு வகைப்படும்.

* தனிக்குறில் – "ஓடு" என்பதில் டு
* குறிலும் ஒற்றும் – "வந்தான்" என்பதில் வந்
* தனிநெடில் – "ஓடு" என்பதில் ஓ
* நெடிலும் ஒற்றும் – "வந்தான்" என்பதில் தான்

நிரையசையும் நான்கு வகைப்படும்.

* இருகுறில் – "வருவான்" என்பதில் வரு
* இருகுறிலும் ஒற்றும் – "திறந்தான்" என்பதில் திறந்
* குறிலும் நெடிலும் – "வராது" என்பதில் வரா
* குறிலும் நெடிலும் ஒற்றும் – "ஓடினான்" என்பதில் டினான்

நிரையசை எப்போதும் குறிலில்தான் தொடங்கும். நெடிலை அடுத்து வரும் குறில் அந்நெடிலோடு சேராது. இந்த ஒரு விதியை நினைவிற் கொண்டால் பெரும்பாலான பிழைகளைத் தவிர்க்கலாம்.

அசைகள் சேர்ந்து சீர் ஆகும். ஈரசைச் சீர்களுக்கு உரிய வாய்பாடுகள் பின்வருமாறு.

* நேர் நேர் – தேமா
* நிரை நேர் – புளிமா
* நிரை நிரை – கருவிளம்
* நேர் நிரை – கூவிளம்

இவற்றின் இறுதியில் நேரசை சேர்ந்தால் தேமாங்காய், புளிமாங்காய், கருவிளங்காய், கூவிளங்காய் என்னும் காய்ச்சீர்களும், நிரையசை சேர்ந்தால் தேமாங்கனி, புளிமாங்கனி, கருவிளங்கனி, கூவிளங்கனி என்னும் கனிச்சீர்களும் உண்டாகும்.

பிரிக்கும் முறை

சொல்லின் இடப்பக்கத்திலிருந்து தொடங்கிப் பின்வருமாறு பிரிக்க வேண்டும்.

# முதல் எழுத்து நெடிலாயின் அது தனியே ஓர் அசை. அதனை அடுத்து ஒற்று இருந்தால் அவ்வொற்றையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.
# முதல் எழுத்து குறிலாகவும், அதனை அடுத்து ஒற்று இருப்பதாகவும் இருந்தால் இரண்டும் சேர்ந்து நேரசை.
# முதல் எழுத்து குறிலாகவும், அடுத்த எழுத்தும் உயிரெழுத்தாகவோ உயிர்மெய்யாகவோ இருந்தால், அவ்விரண்டும் சேர்ந்து நிரையசை. அவற்றின்பின் ஒற்று வந்தால் அதுவும் அதனுடன் சேரும்.
# இவ்வாறு பிரித்துக்கொண்டே செல்லும்போது சீரின் கடைசியில் ஒரு குறில் மட்டும் எஞ்சினால் அது நேரசை.

எடுத்துக்காட்டாக, "நிரம்பியது" என்னும் சொல்லைக் கொள்ளலாம். நி என்பது குறில். அடுத்து ஒற்று இல்லை, ர என்னும் குறில் உள்ளது. எனவே இரண்டும் இணையும். அவற்றின்பின் உள்ள ம் என்னும் ஒற்றும் சேர்ந்து "நிரம்" என்னும் நிரையசை ஆகிறது. பி என்னும் குறிலை அடுத்து ய என்னும் குறில் உள்ளதால் "பிய" நிரையசை. எஞ்சிய து நேரசை. ஆகவே நிரம் / பிய / து என்பது நிரை நிரை நேர், கருவிளங்காய்.

ஒற்று ஒருபோதும் அசையின் தொடக்கமாக வராது என்பது கவனிக்கத்தக்கது. அது எப்போதும் தனக்கு முன்னுள்ள எழுத்தோடு சேரும்.

ஊர்ப் பெயர்களில் பயிற்சி

வினைச்சொற்களுக்குச் செல்வதற்கு முன், விகுதிகளின் சிக்கல் இல்லாத ஊர்ப் பெயர்களில் பழகுவது எளிது. மேட்டூரையும் அதனைச் சுற்றியுள்ள சேலம், நாமக்கல் சமவெளியையும் சேர்ந்த சில பெயர்கள் பின்வருமாறு பிரியும்.

* மேட்டூர் – மேட் / டூர் – தேமா
* சேலம் – சே / லம் – தேமா
* கொளத்தூர் – கொளத் / தூர் – புளிமா
* ஓமலூர் – ஓ / மலூர் – கூவிளம்
* நாமக்கல் – நா / மக் / கல் – தேமாங்காய்
* எடப்பாடி – எடப் / பா / டி – புளிமாங்காய்
* இராசிபுரம் – இரா / சிபு / ரம் – கருவிளங்காய்
* சங்ககிரி – சங் / ககி / ரி – கூவிளங்காய்
* தாரமங்கலம் – தா / ரமங் / கலம் – கூவிளங்கனி
* திருச்செங்கோடு – திருச் / செங் / கோ / டு – புளிமாந்தண்பூ

ஓமலூர் என்பதை ஓம / லூர் எனப் பிரிப்பது பிழை. ஓ நெடிலாதலால் தனியே நிற்கும். ம என்னும் குறில் தனக்குப் பின்னுள்ள லூர் என்பதோடு இணையும்.

வினைமுற்றுகளில் அசை

ஒரே வினையடியிலிருந்து பிறக்கும் வினைமுற்றுகள் காலத்திற்கேற்ப வெவ்வேறு சீர்களாக அமைகின்றன. மூன்று வினையடிகளின் வடிவங்கள் கீழே தரப்பட்டுள்ளன.

'''வா'''

* வா – நேர் – நாள்
* வந்தான் – வந் / தான் – தேமா
* வருகிறான் – வரு / கிறான் – கருவிளம்
* வருகின்றான் – வரு / கின் / றான் – புளிமாங்காய்
* வருவான் – வரு / வான் – புளிமா
* வாரான் – வா / ரான் – தேமா
* வரவில்லை – வர / வில் / லை – புளிமாங்காய்

'''ஓடு'''

* ஓடு – ஓ / டு – தேமா
* ஓடினான் – ஓ / டினான் – கூவிளம்
* ஓடுகிறான் – ஓ / டுகி / றான் – கூவிளங்காய்
* ஓடுகின்றான் – ஓ / டுகின் / றான் – கூவிளங்காய்
* ஓடுவான் – ஓ / டுவான் – கூவிளம்
* ஓடாது – ஓ / டா / து – தேமாங்காய்
* ஓடவில்லை – ஓ / டவில் / லை – கூவிளங்காய்

'''திற'''

* திற – நிரை – மலர்
* திறந்தான் – திறந் / தான் – புளிமா
* திறக்கிறான் – திறக் / கிறான் – கருவிளம்
* திறக்கின்றான் – திறக் / கின் / றான் – புளிமாங்காய்
* திறப்பான் – திறப் / பான் – புளிமா
* திறக்கவில்லை – திறக் / கவில் / லை – கருவிளங்காய்
* திறக்கப்பட்டது – திறக் / கப் / பட் / டது – புளிமாந்தண்ணிழல்

இப்பட்டியலிலிருந்து இரண்டு செய்திகளை அறியலாம்.

முதலாவது, அசை காலத்தைக் காட்டுவதில்லை. திறந்தான் என்னும் இறந்தகாலமும் திறப்பான் என்னும் எதிர்காலமும் புளிமாவே. ஓடினான், ஓடுவான் ஆகிய இரண்டும் கூவிளமே. காலத்தை உணர்த்துவது இடைநிலையின் எழுத்து. அசை அந்த எழுத்தின் அளவை மட்டுமே நோக்குகிறது.

இரண்டாவது, கிறு, கின்று என்னும் நிகழ்கால இடைநிலைகளுள் எதனைப் பயன்படுத்தினாலும் பொருள் ஒன்றே. ஆனால் சீர் சில வினைகளில் மாறும், சில வினைகளில் மாறாது. "வருகிறான்" என்பதில் கி புதிய அசையைத் தொடங்குகிறது. அங்கே கி நெடிலோடு இணைந்து "கிறான்" என ஒரே அசையாகும். ன் இடையில் வந்தால் அந்த இணைப்பு அறுந்து கின் / றான் என இரண்டாகும். "ஓடுகிறான்" என்பதிலோ கி ஏற்கெனவே டு என்பதோடு இணைந்துவிட்டது. ன் வந்தாலும் அந்த அசையின் ஒற்றாகவே அமையும். எனவே சீர் மாறுவதில்லை.

யாப்பும் வினைவடிவத் தேர்வும்

செய்யுள் இயற்றுவோர்க்கு இந்த வேறுபாடு பயன்படும். வெண்பாவில் ஈரசைச் சீர்களும் காய்ச்சீர்களும் மட்டுமே வரலாம். கனிச்சீர் வரலாகாது. "நிரம்புகிறது" என்பது நிரம் / புகி / றது எனப் பிரிந்து கருவிளங்கனி ஆவதால் வெண்பாவில் ஒரு சீராக இடம்பெற இயலாது. "நிரம்புகின்றது" என மாற்றினாலும் கனியே கிடைக்கும். "நிரம்பும்" (புளிமா), "நிரம்பியது" (கருவிளங்காய்), "நிரம்பிற்று" (புளிமாங்காய்) ஆகியவை வெண்பாவில் அமையும்.

சீர்களுக்கு இடையேயான தளையும் வினைவடிவத்தைப் பொறுத்தது. "காவிரி" என்பது கா / விரி, கூவிளம். வெண்பாவில் விளச்சீரை அடுத்து நேரசை வர வேண்டும். "காவிரி பாய்ந்தது" என்றால் விளம்முன் நேர் வந்து இயற்சீர் வெண்டளை ஆகிறது. "காவிரி நிரம்பியது" என்றால் விளம்முன் நிரை வந்து அது ஆசிரியத்தளை ஆகிவிடுகிறது. மாறாக, "மேட்டூர்" தேமாவாதலால் அதனை அடுத்து நிரையசை வர வேண்டும். "மேட்டூர் நிரம்பியது" வெண்டளைக்குப் பொருந்தும்.

ஒரு சீரில் நான்கு அசைகளுக்கு மேல் வாரா. மேட்டூர் அணை நீர் குறித்த செய்திகளில் அடிக்கடி காணப்படும் "திறந்துவிடப்பட்டது" என்னும் செயப்பாட்டு வினை திறந் / துவி / டப் / பட் / டது என ஐந்து அசைகளைக் கொண்டது. இதனைச் செய்யுளில் அமைப்பதாயின் "திறந்து விடப்பட்டது" என இரு சீர்களாகப் பிரிக்க வேண்டும். இவ்வாறு பொருள் எல்லையில் பிரியாமல், சொல்லின் நடுவே சீர் பிரியுமாயின் அது வகையுளி எனப்படும்.

உறுப்பிலக்கணத்திலிருந்து வேறுபடும் இடங்கள்

பகுபத உறுப்பிலக்கணம் பகுதி, விகுதி, இடைநிலை, சாரியை, சந்தி, விகாரம் ஆகியவற்றைப் பிரிக்கிறது. அங்கே ஒவ்வொரு துண்டும் ஒரு இலக்கணப் பணியைச் செய்ய வேண்டும். அசை பிரிப்பில் துண்டுக்குப் பொருள் இருக்க வேண்டியதில்லை.

* ஓடினான் – உறுப்பு: ஓடு + இன் + ஆன் – அசை: ஓ / டினான்
* திறந்தான் – உறுப்பு: திற + த்(ந்) + த் + ஆன் – அசை: திறந் / தான்
* திறக்கிறான் – உறுப்பு: திற + க் + கிறு + ஆன் – அசை: திறக் / கிறான்

"டினான்" என்பதற்குத் தனியே பொருள் ஏதுமில்லை. அதில் பகுதியின் இறுதி எழுத்தும், இடைநிலையும், விகுதியும் கலந்து நிற்கின்றன. உறுப்பிலக்கணத்தில் மறைந்துள்ள எழுத்துகளையும் (ஓடு என்பதன் உகரம் போன்றவை) மீட்டு எழுத வேண்டும். அலகிடும்போதோ கண்ணுக்குத் தெரியும் எழுத்துகளை மட்டுமே கொள்ள வேண்டும்.

கவனிக்க வேண்டிய இடங்கள்

'''ஈரொற்று''' – "வாழ்ந்தான்", "பாய்ந்தது" போன்ற சொற்களில் இரண்டு ஒற்றுகள் அடுத்தடுத்து வருகின்றன. இரண்டும் முன்னுள்ள எழுத்தோடு சேர்ந்து ஓரொற்றைப் போலவே கொள்ளப்படும். வாழ்ந் / தான் என்பது தேமா. பாய்ந் / தது என்பது கூவிளம்.

'''ஐகாரம்''' – ஐகாரம் சொல்லின் முதலில் நெடிலாகவும், இடையிலும் கடையிலும் குறுகிக் குறிலாகவும் கொள்ளப்படும். "இல்லையென்றான்" என்னும் சொல்லில் லை குறுகி அடுத்த எழுத்தோடு இணையும். ஆகவே அது இல் / லையென் / றான், கூவிளங்காய். ஐகாரக்குறுக்கத்தை மறந்தால் நான்கு அசைகள் உள்ளதாகத் தோன்றும்.

'''குற்றியலுகரப் புணர்ச்சி''' – குற்றியலுகரத்தில் முடியும் சொல்லோடு உயிரெழுத்தில் தொடங்கும் சொல் சேரும்போது உகரம் கெடும். "வந்து இருந்தான்" எனப் பிரித்து எழுதினால் வந் / து, இருந் / தான் என நான்கு அசைகள். "வந்திருந்தான்" எனச் சேர்த்தால் வந் / திருந் / தான் என மூன்றே. "ஆறு ஓடியது" என்பது "ஆறோடியது" ஆகும்போதும் ஓர் அசை குறைகிறது. அச்சில் சொற்களைப் பிரித்து எழுதும் இக்கால வழக்கில், அலகிடுவதற்கு முன் செய்யுளில் சொற்கள் சேர்ந்து நிற்கின்றனவா பிரிந்து நிற்கின்றனவா என்று பார்த்தல் வேண்டும்.

'''வெண்பாவின் ஈற்றுச்சீர்''' – "ஓடு" என்பது பிற இடங்களில் தேமா. வெண்பாவின் இறுதியில் அது காசு என்னும் வாய்பாடு பெறும். அவ்வாறே "நிரம்பு" என்பது இறுதியில் பிறப்பு எனப்படும்.

சொல்லழுத்தம்

சொல்லின் ஓர் அசையை மற்றவற்றைவிட வலிமையாக ஒலிப்பது அழுத்தம் ஆகும். இத்தாலிய மொழியில் அழுத்தம் பொருளை வேறுபடுத்தும். "பர்லோ" என்னும் சொல்லில் முதல் அசையை அழுத்தினால் "நான் பேசுகிறேன்" என்று பொருள். இறுதி அசையை அழுத்தினால் "அவன் பேசினான்" என்று பொருள். எழுத்தில் இரண்டாவதன் இறுதி உயிரின்மேல் மட்டும் ஒரு சாய்கோடு இடப்படும்.

இத்தாலியத்தில் பெரும்பாலான சொற்களில் கடைசிக்கு முந்தைய அசையில் அழுத்தம் விழும். ஆயினும் வினைகளில் விலக்குகள் பல. "பர்லா" (அவன் பேசுகிறான்) என்பதன் பன்மையான "பர்லனோ" (அவர்கள் பேசுகிறார்கள்) என்பதில் ஓர் அசை கூடினாலும் அழுத்தம் நகர்வதில்லை. அது முதல் அசையிலேயே நிற்கிறது. இதனை நடு அசையில் அழுத்துவது அம்மொழியைக் கற்போர் செய்யும் பொதுவான பிழையாகும்.

தமிழில் ஒரே எழுத்துகளைக் கொண்ட இரு வினைச்சொற்கள் அழுத்தத்தால் மட்டும் பொருள் வேறுபடுவதில்லை. சொல்லின் முதலசை ஓரளவு தெளிவாகவும் முனைப்பாகவும் ஒலிக்கிறது என்பதும், பின்வரும் குறில் உயிர்கள் பேச்சில் மங்கி ஒலிக்கின்றன என்பதும் மொழியியலாளர் பலர் ஏற்கும் கருத்தாகும். "வராது", "படாது" போன்று முதலில் குறிலும் அடுத்து நெடிலும் வரும் சொற்களில் முனைப்பு இரண்டாம் அசைக்கு நகர்கிறது எனச் சில விளக்கங்கள் கூறுகின்றன. குறிலும் நெடிலும் இணைந்து ஒரே நிரையசை ஆகும் என்னும் யாப்பு விதியோடு இது ஒப்பு நோக்கத்தக்கது.

அழுத்தத்தின் பணியைத் தமிழில் வேறு கூறுகள் செய்கின்றன.

* '''குறில் நெடில் வேறுபாடு''' – கெட்டான், கேட்டான்
* '''ஒற்று இரட்டித்தல்''' – ஓடினான் (தன்வினை), ஓட்டினான் (பிறவினை)
* '''மெல்லொற்று வல்லொற்றாதல்''' – திரும்பினான், திருப்பினான்
* '''இடைச்சொற்கள்''' – "அவன்தான் திறந்தான்", "அவனே திறந்தான்" என்பவற்றில் தான், ஏ ஆகியவை வலியுறுத்தும் பொருளைத் தருகின்றன

இவற்றுள் முதல் மூன்றிலும் பொருள் மாறியபோதும் சீர் மாறவில்லை. கெட்டான், கேட்டான் இரண்டும் தேமா. ஓடினான், ஓட்டினான் இரண்டும் கூவிளம். திரும்பினான், திருப்பினான் இரண்டும் கருவிளம்.

ஒற்று இரட்டித்தல் இத்தாலியத்திலும் உண்டு. "காதே" என்றால் "விழுகிறான்", "காத்தே" என்பதைப்போல் ஒற்று இரட்டித்தால் "விழுந்தான்". தமிழில் "விடு" என்பது "விட்டான்" என்று இரட்டித்து இறந்தகாலம் காட்டுவதோடு இதனை ஒப்பிடலாம். இரட்டித்த ஒற்றில் முதலாவதை முன் அசையோடு சேர்ப்பதும் இரு மொழிகளுக்கும் பொதுவானது. ஆனால் ஸகரத்தை அடுத்து மெய் வரும்போது இத்தாலியம் இரண்டையும் அடுத்த அசைக்குக் கொண்டுசெல்லும். "முடிக்கிறேன்" என்னும் பொருளுடைய "ஃபினிஸ்கோ" அம்மொழியில் ஃபி–னி–ஸ்கோ எனப் பிரியும். தமிழ் விதிப்படி பிரித்தால் அவ்வொற்று முன்னெழுத்தோடு சேர்ந்துவிடும்.

பேச்சு வழக்கில் அசை

எழுத்து வழக்கின் நீண்ட வினைவடிவங்கள் பேச்சில் குறுகும்போது அசைகளும் மாறுகின்றன. மேட்டூர்ப் பகுதியில் கேட்கப்படும் வடிவங்கள் சில, எழுத்து வழக்கோடு ஒப்பிட்டுக் கீழே தரப்பட்டுள்ளன. இவற்றுட் பல தமிழகத்தின் பிற பகுதிகளிலும் வழங்குகின்றன.

* வருகிறான் (வரு / கிறான்) – வர்றான் (வர் / றான்)
* வந்துவிட்டான் (வந் / துவிட் / டான்) – வந்துட்டான் (வந் / துட் / டான்)
* திறந்தாயிற்று (திறந் / தா / யிற் / று) – தொறந்தாச்சு (தொறந் / தாச் / சு)

வந்துவிட்டான் என்பது கூவிளங்காய், வந்துட்டான் என்பது தேமாங்காய். அசைகளின் எண்ணிக்கை மாறாவிடினும் இடையிலுள்ள நிரை நேராகிவிட்டது. பொதுவாகச் சொல்லின் முதலசை நிலைத்து நிற்க, இடையிலும் கடையிலும் உள்ள எழுத்துகள் மறைகின்றன. முதலசை முனைப்பாக ஒலிக்கிறது என்னும் கருத்துக்கு இது துணைசெய்கிறது.

கொங்கு வழக்கில் மரியாதைக்காகச் சேர்க்கப்படும் "ங்க" இதற்கு மாறாக அசைகளைக் கூட்டுகிறது. "வந்துட்டார்" மூன்று அசைகள். "வந்துட்டாருங்க" வந் / துட் / டா / ருங் / க என ஐந்து அசைகள்.

இத்தாலியரும் தமிழ் யாப்பும்

தமிழையும் இத்தாலியத்தையும் ஒருங்கே அறிந்தோர் 17ஆம், 18ஆம் நூற்றாண்டுகளிலேயே தமிழகத்தில் இருந்தனர். இத்தாலியரான இராபர்ட்டு தெ நொபிலி (1577–1656) 1606இல் மதுரைக்கு வந்து தமிழ் கற்று உரைநடை நூல்கள் எழுதினார். அவர் 1623இல் மதுரையிலிருந்து வடக்கே சென்று, இன்றைய நாமக்கல் மாவட்டத்தில் உள்ள சேந்தமங்கலத்திற்கும், பின்னர் சேலத்திற்கும் சென்றார்.

யாப்பு நூல் செய்தவர் அவருக்குப் பின்வந்த வீரமாமுனிவர் எனப்படும் கான்ஸ்டன்டைன் ஜோசப் பெஸ்கி (1680–1747) ஆவார். இவரும் இத்தாலியரே. இவருடைய தொன்னூல் விளக்கம் எழுத்து, சொல், பொருள், யாப்பு, அணி என ஐந்து இலக்கணங்களையும் கூறுகிறது. இவர் தொகுத்த சதுரகராதியின் நான்கு பகுதிகளுள் ஒன்றான தொடையகராதி, செய்யுள் இயற்றுவோர் எதுகைக்கு ஏற்ற சொற்களைத் தேடிக்கொள்ள உதவுவது. அழுத்தத்தை அடிப்படையாகக் கொண்ட தாய்மொழியையுடைய ஒருவர், எழுத்தளவை அடிப்படையாகக் கொண்ட தமிழ் யாப்பில் தேம்பாவணி என்னும் காப்பியத்தையும் இயற்றினார் என்பது குறிப்பிடத்தக்கது.

பயன்பாடுகள்

'''சுவடிப் பதிப்பு''' – ஓலைச்சுவடிகளில் பெரும்பாலும் புள்ளி இடப்படுவதில்லை. எகர ஏகாரங்களுக்கும் ஒகர ஓகாரங்களுக்கும் வடிவ வேறுபாடு இருக்கவில்லை. ஏகார, ஓகாரங்களுக்கு இன்று வழங்கும் தனி வடிவங்கள் வீரமாமுனிவரால் ஏற்பட்டவை எனக் கூறப்படுகிறது. ஒரு சுவடியில் உள்ள சொல் "கெடு" என்பதா "கேடு" என்பதா என்னும் ஐயம் எழும்போது யாப்பு துணைசெய்யும். கெடு ஒரே நிரையசை. கே / டு இரண்டு நேரசைகள். தளைக்குப் பொருந்துவதே பாடமாகக் கொள்ளப்படும். ஆனால் "கெட்டான்", "கேட்டான்" ஆகிய இரண்டும் தேமாவே ஆதலால் அங்கே யாப்பு உதவாது. பொருளை நோக்கியே முடிவு செய்ய வேண்டும்.

'''கணினி''' – அசை பிரிக்கும் விதிகள் எழுத்தின் வகையை மட்டுமே சார்ந்தவை. பொருளறிவு தேவையில்லை. எனவே கணினி நிரல்களால் இதனை எளிதில் செய்ய இயலும். அவலோகிதம் என்னும் மென்பொருள் தமிழ்ச் செய்யுள்களை அலகிட்டுப் பாவகையைக் காட்டுகிறது. இதற்கு மாறாக, உறுப்பிலக்கணப்படி சொல்லைப் பிரிப்பதற்கு வினையடிகளின் அகராதியும் புணர்ச்சி விதிகளும் தேவை.

பொதுவான பிழைகள்

* நெடிலோடு அடுத்த குறிலைச் சேர்த்தல். ஓடி / னான் என்பது தவறு, ஓ / டினான் என்பதே சரி.
* சொல்லின் முதலில் உள்ள குறிலைத் தனியே நேரசையாகக் கொள்ளுதல். வ / ருவான் என்பது தவறு, வரு / வான் என்பதே சரி.
* ஒற்றை அடுத்த அசையின் தொடக்கமாக எழுதுதல். திற / ந்தான் என்பது தவறு, திறந் / தான் என்பதே சரி.
* விகுதியின் எல்லையில் வெட்டுதல். ஓடின் / ஆன் என்பது உறுப்பிலக்கண நோக்கு, அலகீடு அன்று.

இவற்றையும் பார்க்கவும்

* யாப்பிலக்கணம்
* யாப்பருங்கலக்காரிகை
* பகுபத உறுப்புகள்
* குற்றியலுகரம்
* ஐகாரக்குறுக்கம்
* தளை
* வீரமாமுனிவர்
* கொங்குத் தமிழ்